விவரங்களுக்கு இங்கே அழுத்தவும்

'வழுக்கை' என்று எழுதலாமா, கூடாதா என்று அடிக்கோடு வெகுநேரமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

எழுதாமல் தப்பிக்கவும் வழியில்லை. குடிநீர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் எத்தனை படங்கள் இருக்கின்றனவோ அத்தனைக்கும், கண்பார்வை இல்லாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி, படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிச் சேர்க்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. முகப்பில் பெரிய பொறியாளர் இருந்தார். நாற்காலியில் இருந்தார். சிரித்தபடி இருந்தார். தலையில் மட்டும் ஒன்றும் இல்லை.

அடிக்கோடு என்பது அவளுடைய பெயர் இல்லை. எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும், புரியாத வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவாள். அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் சுற்றறிக்கை ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். அது பள்ளிக்கூடத்து இரட்டைக்கோடு நோட்டைப் போலத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து இந்தப் பெயர். இப்படி ஒருத்தி இருக்கும்போது இணையப் பக்கத்தை வேறு யாரிடம் கொடுப்பது என்று அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

வேலை இன்னும் தற்காலிகம்தான். "பக்கம் தேறிச்சுன்னா நீயும் தேறிட்ட. தேறலைன்னா பக்கத்தை மேலிடமே எடுத்துக்கும். அப்புறம் இந்த மேசைக்கு வேலை இல்ல" என்று பெரிய பொறியாளர் சொல்லியிருந்தார். மேசைக்கு வேலை இல்லை என்றால் மேசைக்குப் பின்னால் இருப்பவளுக்கு என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பக்கத்தைச் சோதிக்க இன்றைக்கு ஓர் ஆள் வருவதாக ஏற்பாடு. கண்பார்வை இல்லாதவர். பக்கத்தை உரக்கப் படிக்கும் மென்பொருளை வைத்துக் கேட்டு, புரிகிறதா இல்லையா என்று எழுதிக் கொடுப்பதே அவருக்குத் தொழில்.

"அண்ணே, உள்ளதை உள்ளபடி எழுதணும்னுதானே உத்தரவு?" என்று அடுத்த மேசையிலிருந்த கணினிக்காரரைக் கேட்டாள்.

"உத்தரவு அப்படித்தாம்மா. ஆனா உத்தரவு போட்டவங்க இந்த ஆபீஸ்ல வேலை பாக்கலையே."

அவள் துணிந்து எழுதினாள். கணினிக்காரர் அதைப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, சரியாகக் கேட்கிறதா என்று ஒலிபெருக்கியை முடுக்கினார். படிக்கும் குரலுக்கு அலுவலகத்தில் 'அம்மணி' என்று பெயர். அம்மணிக்குக் கோபமும் கிடையாது, கூச்சமும் கிடையாது. எழுதியிருப்பதை ஒரே சுருதியில் படித்துவிடுவாள்.

"படம்," என்றாள் அம்மணி. "மேசைக்குப் பின்னால் வழுக்கைத் தலையுடன் ஓர் அதிகாரி சிரித்தபடி அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் தொட்டியில் வாடிய செடி."

"யாரு அந்தப் பொம்பள?" என்று வாசலிலிருந்து கேள்வி வந்தது. பெரிய பொறியாளர் நின்றுகொண்டிருந்தார்.

"மென்பொருள் சார்," என்றார் கணினிக்காரர்.

"மென்பொருளுக்கு என் தலையைப் பத்தி யாரு சொன்னா?"

கணினிக்காரர் தன்னுடைய திரையில் ஏதோ முக்கியமானதைக் கண்டவர்போல அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"நான்தான் சார்," என்றாள் அடிக்கோடு. "படத்துல உள்ளதைச் சொல்லணும்னு…"

"படத்துல உள்ளதைச் சொல்லு. இல்லாததை எதுக்குச் சொல்ற?"

நியாயமான கேள்விதான்.

"அந்தச் செடியையும் எடு. குடிநீர் ஆபீஸ்லயே ஒரு செடிக்குத் தண்ணி இல்லைனு ஊரெல்லாம் சிரிக்கவா?"

'அகன்ற நெற்றி' என்று மாற்றினாள். எதுவரைக்கும் அகலம் என்று கேட்பார்கள் என்றார். 'கம்பீரமான தலை' என்று போட்டாள். தலை என்ற சொல்லே வேண்டாம் என்றார். கடைசியில் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள்: அனுபவம் ஒளிரும் முகமும், மக்கள் தாகம் தீர்க்கும் நோக்கும், நீண்ட சேவையின் முத்திரையும் கொண்ட தலைமைப் பொறியாளர்.

"இது உங்களுக்குக் கண்ணுல தெரியுதா சார்?" என்று கேட்க வாயெடுத்தாள். நிரந்தர வேலையை நினைத்து மூடிக்கொண்டாள்.

இந்தச் சத்தம் கேட்டுத் துணைப் பொறியாளர் எழுந்து வந்தார். அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று பக்கத்தின் நடுவில் இருந்தது. அதை அம்மணி எப்படிச் சொல்கிறாள் என்று அவருக்குக் கேட்க வேண்டுமாம்.

"படம். தலைமைப் பொறியாளர், கணக்குப் பிரிவு அலுவலர், மற்றும் ஒருவர்."

துணைப் பொறியாளர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"மற்றும் ஒருவர்," என்றார் பிறகு. "இந்த ஆபீஸ்ல தலை நரைச்சு நிக்கிற நான், மற்றும் ஒருவர்."

"நரைச்ச தலைனு போட்டுடவா சார்?"

"வேண்டாம். உனக்கு யாரோட தலையாவது வேணும். எனக்கும் அவருக்குப் போட்ட மாதிரியே ரெண்டு வரி போடு."

அவருக்கு இரண்டு வரி போட்டால் கணக்கு அக்காவுக்கும் இரண்டு வரி. அக்கா வந்து தன் உடையின் நிறத்தை மட்டும் தவறாமல் சொல்லச் சொன்னாள். நீலம் என்று போட்டதற்கு, அது நீலம் இல்லை, மயில் கழுத்து நிறம் என்றாள்.

"கேக்கிறவங்களுக்குக் கண்ணு தெரியாதுக்கா."

"அதனாலதான் சரியாச் சொல்லச் சொல்றேன். அவங்க போய்ச் சரிபாக்கவா முடியும்?"

இவ்வளவும் முடிந்து அம்மணி முகப்பைப் படிக்கத் தொடங்கினால், தண்ணீர் என்ற சொல் வருவதற்குள் ஒருவர் தேநீர் வைத்துக் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்ற நிலை. அப்போதுதான் கையில் வெள்ளைக் கோலுடன் ஒருவர் வாசலில் வந்து நின்றார். நடுவயது, தேய்த்த சட்டை, காதில் ஒரு சின்ன இயர்போன்.

"குடிநீர் ஆபீஸ் இதுதானே?"

அடிக்கோடு துள்ளி எழுந்தாள். ஓடிப் போய் அழைத்துவந்து, இருப்பதிலேயே ஆடாத நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"வாங்கய்யா, வாங்க. உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தோம்."

"என்னையா?" வந்தவருக்கு ஆச்சரியம்தான். சந்தோஷமும்தான். "உங்க இணையப் பக்கத்தாலதாம்மா வர வேண்டியதாச்சு. வீட்டுல வச்சுக் கேட்டுப் பாத்தேன். ஒண்ணும்…"

"ஐயா, ஐயா, இப்பவே எதுவும் சொல்லிடாதீங்க." அவள் பதறினாள். மேலிடத்துச் சுற்றறிக்கையில் அது தெளிவாக இருந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் அவள் கோடு போடவில்லை. "முதல்ல முழுப் பக்கத்தையும் கேட்டுடணும். சொல்ல வேண்டியதை எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியிலதான் சொல்லணும். அதுதான் முறை."

"அப்படியா முறை?"

"மேலிடத்து உத்தரவுங்க."

"சரிம்மா. முறைனா முறைதான்," என்று அவர் கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நல்ல பொறுமைசாலி. பரிசோதிக்க வருபவர் என்றால் எரிந்து விழுவார் என்று பயந்திருந்தவளுக்கு அதுவே பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது.

பெரிய பொறியாளர் அவரே வந்து கை குலுக்கினார். தேநீர் வந்தது. கணினிக்காரர் அம்மணியை முடுக்கினார்.

அனுபவம் ஒளிரும் முகம் வந்தது. தாகம் தீர்க்கும் நோக்கு வந்தது. வந்தவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"ஒரு சின்ன சந்தேகம். அவர் அங்க என்ன பண்ணிக்கிட்டிருக்காரு?"

"உக்காந்திருக்காருங்க," என்றாள் அடிக்கோடு.

"அவ்வளவுதானா. நான் ஏதோ சீல் குத்திக்கிட்டிருக்காருனு நெனச்சேன். முத்திரை கித்திரைனு வந்துச்சே."

பெரிய பொறியாளர் இருமினார். அம்மணி மயில் கழுத்து நிறத்தையும் முடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"புதிய இணைப்புக்கு இங்கே அழுத்தவும். கட்டணத்துக்கு இங்கே அழுத்தவும். விவரங்களுக்கு இங்கே அழுத்தவும்."

"இதை நான் வீட்டுலயும் கேட்டேன்," என்றார் வந்தவர். "நாங்க ஒவ்வொரு வரியா உக்காந்து கேக்க மாட்டோம்மா. எங்கெங்க அழுத்தலாம்கிறதை மட்டும் தனியாப் படிக்கச் சொல்லுவோம். அப்ப இது என்ன சொல்லும் தெரியுமா? இங்கே, இங்கே, இங்கே, இங்கே. கிளிக்குப் பேசக் கத்துக்கொடுத்த மாதிரி."

அடிக்கோட்டுக்குச் சுருக்கென்றது. இத்தனை வாரமாக இதைக் கவனிக்கவில்லையே. ஒவ்வொரு 'இங்கே'யும் எங்கே என்று சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

"இது ஒரு நிமிஷ வேலை," என்றார் கணினிக்காரர். "பக்கம் முழுக்க 'இங்கே'ங்கிற வார்த்தை எங்க இருந்தாலும் எடுத்துட்டு, 'விவரம் அறிய இந்தப் பகுதிக்குச் செல்லவும்'னு போட்டா தீந்துச்சு."

போட்டார். கணினிக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. திருத்தியதை ஒரு தடவை படித்துப் பார்க்காமல் அப்படியே ஊர் பார்க்கத் திறந்துவிட்டுவிடுவார்.

அம்மணி படித்தாள்: "பாதுகாப்பு அறிவிப்பு. நீர்த்தேக்கத்தின் அருகே குழந்தைகளை விடாதீர்கள். விவரம் அறிய இந்தப் பகுதிக்குச் செல்லவும் ஆழம் மிக அதிகம்."

எல்லாரும் கணினிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று துணைப் பொறியாளர் மெதுவாகக் கேட்டார்.

"'இங்கே ஆழம் மிக அதிகம்'னு," என்றாள் அடிக்கோடு.

அதை அவசர அவசரமாகச் சரிசெய்தார்கள். அம்மணி தொடர்ந்தாள். புதிய இணைப்புக்கான விண்ணப்பம் வந்தது. "சிவப்பு நிறத்தில் உள்ளவற்றைக் கட்டாயம் நிரப்பவும்," என்றாள்.

"எதும்மா சிவப்பு?" என்று வந்தவர் கேட்டார்.

அடிக்கோடு பெரிய பொறியாளரைப் பார்த்தாள். சிவப்பு அவருடைய யோசனை. முக்கியமானது எதுவாக இருந்தாலும் சிவப்பில் வந்தால்தான் மனிதனுக்கு உறைக்கும் என்பது அவர் கட்சி. அவருடைய கணக்கில் முக்கியமில்லாதது என்று எதுவும் இல்லாததால், பக்கம் பாதிக்குமேல் சிவந்து கிடந்தது.

"ஐயாவுக்கும் சிவப்பு தெரியணும்," என்றார் பெரிய பொறியாளர். "அதுக்கு வழி பண்ணுங்க."

'கட்டாயம்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்று அடிக்கோடு சொல்வதற்குள், கணினிக்காரர் வேகமாகத் தட்டிவிட்டார். எங்கெல்லாம் எழுத்து சிவப்பாக இருக்கிறதோ அங்கெல்லாம் முன்னால் 'சிவப்பு' என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"சிவப்பு பெயர். சிவப்பு முகவரி," என்று படித்தாள் அம்மணி. வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீரை உறிஞ்சினார். சரி, இது ஒருவகையில் புரிகிறதே என்று அடிக்கோடு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்போது அலுவலகத் தொலைபேசி அடித்தது. கணக்கு அக்கா எடுத்தாள். கேட்டாள். ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"யாரோ ஒருத்தர், சிவப்புத் தண்ணியைக் குடிக்கலாமா, குளிக்க மட்டுமானு கேக்கறாரு."

அடிக்கோடு திரையைப் பார்த்தாள். பக்கத்தின் உச்சியில், ஊரே பார்க்கும்படி, பெரிய எழுத்தில் இருந்தது: சிவப்பு தண்ணீர் இன்று மாலை வழக்கம்போல் வரும்.

கணக்கு அக்கா ஒருவருக்குப் பதில் சொல்லி வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. ஓர் அம்மாவுக்கு வெள்ளைத் துணிகளை நனைக்கலாமா என்று தெரிய வேண்டும். இன்னொருவர், வழக்கம்போல் என்றால் இத்தனை நாளும் சிவப்புத் தண்ணீரையா கொடுத்தீர்கள், என் கண்தான் கெட்டுவிட்டதா என்று கத்தினார். அடிக்கோட்டின் கைப்பேசியும் அடித்தது. மாமியார்.

"ஏம்மா, சிவப்புத் தண்ணி விடறீங்களாமே. உன் ஆபீஸ் பக்கத்துலயே போட்டிருக்காம். கீழ் வீட்டுல எல்லாரும் அண்டா குண்டாவோட நிக்கறாங்க. நான் புடிச்சு வைக்கவா, வேண்டாமா?"

"அத்தை, அப்படி ஒண்ணும் இல்ல. வழக்கமான தண்ணிதான்."

"உனக்குச் சொல்ல உத்தரவு இல்லைன்னா பரவாயில்ல, ஒரு தடவை இருமு. நான் புரிஞ்சுக்கறேன்."

அவளுக்கு அந்த நேரம் பார்த்துத்தானா தொண்டை கமற வேண்டும்? இருமிவிட்டாள். மாமியார் "புரிஞ்சுது" என்று வைத்துவிட்டார்.

"அந்த ரிசீவரை எடுத்துக் கீழ வைங்க," என்று பெரிய பொறியாளர் உத்தரவு போட்டார். "சோதனை நடக்கற நேரத்துல ஒரே இரைச்சல்."

கணக்கு அக்கா எடுத்து மேசைமேல் கிடத்தினாள். அலுவலகம் அமைதியானது. வந்தவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் போன் போட்டுக் கேக்கறாங்க. நானும் நம்பரைத் தேடித்தான் பாத்தேன். கிடைக்கல."

"நம்பர் பக்கத்துலயே இருக்குதுங்களே," என்றாள் அடிக்கோடு. அம்மணியை அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள்.

"படம்," என்றாள் அம்மணி. "தொலைபேசி. மஞ்சள் நிறம்."

அடிக்கோட்டுக்குக் காது சிவந்தது. அழகாக இருக்கட்டும் என்று எண்ணை மஞ்சள் தொலைபேசிப் படத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். கண் இருப்பவர்களுக்கு எண். இல்லாதவர்களுக்கு ஒரு மஞ்சள் தொலைபேசி. அவள் வேறு ஒன்றும் பேசாமல் எண்ணை எழுத்தில் அடித்துச் சேர்த்தாள். அம்மணி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

வந்தவர் உடனே பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். பெரிய பொறியாளர் துணைப் பொறியாளரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வெறுமனே கேட்டுவிட்டுப் போகும் ஆள் இல்லை, எண் வேலை செய்கிறதா என்பதுவரை பார்த்துவிடுகிறார். சோதனை என்றால் இதுவல்லவா சோதனை.

"பிஸினு வருதும்மா."

அடிக்கோடு மேசைமேல் மல்லாந்து கிடந்த ரிசீவரைப் பார்த்தாள். "இப்பக் கொஞ்சம் வேலை ஜாஸ்திங்க."

"பரவாயில்ல. எப்படியும் கடைசியில சொல்லத்தானே போறேன்," என்று அவர் கைப்பேசியை உள்ளே வைத்தார்.

அடுத்தது புகார்ப் பகுதி. அதை எழுதியவர் துணைப் பொறியாளர். "நீர்க்கசிவு நேரும்பட்சத்தில், நுகர்வோரால் உரிய அலுவலரிடம் முறையீடு செய்யப்படுமாயின், பரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டு ஆவன செய்யப்படும்," என்றாள் அம்மணி. அவளுக்கே மூச்சு வாங்குவதுபோல் இருந்தது.

"இதுல யாரு என்ன பண்ணணும்?" என்று வந்தவர் கேட்டார். இந்தக் கேள்வியை மட்டும் அவர் மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"தண்ணி கசிஞ்சா எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க வந்து சரிசெய்வோம்னு எழுதிடலாமா சார்?" என்றாள் அடிக்கோடு.

"நாங்கனா யாரு?" துணைப் பொறியாளர் உஷாரானார். "நானா? நாளைக்கு ஒருத்தன் வந்து, நீங்கதானே வர்றேன்னீங்கனு சட்டையைப் புடிப்பான். செய்யப்படும்னு இருந்தா யாரும் யாரையும் புடிக்க முடியாது. அதை யோசிச்சுத்தான் எழுதினேன்."

"நாங்கனு போடுங்கய்யா," என்றார் பெரிய பொறியாளர். "நான் இல்ல, நீங்க."

"நீங்கனு போட்டா படிக்கிறவன் தன்னைச் சொல்றதா நெனச்சு அவனே குழாயைக் கழட்டிருவான் சார்."

இருவரும் நாங்களுக்கும் நீங்களுக்கும் நடுவில் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது, பெரிய பொறியாளரின் கைப்பேசி அடித்தது. மேலிடம். அவர் எழுந்து நின்று பேசினார். பேசினார் என்பதைவிட, "ஆமாங்க" என்று வெவ்வேறு விதமாகச் சொன்னார் என்பதே சரி. வைத்தபோது அனுபவம் ஒளிர்ந்த முகத்தில் வேர்வைதான் ஒளிர்ந்தது.

"சிவப்புத் தண்ணி அங்கயும் போயிடுச்சு," என்றார். "எல்லாத்தையும் எடு. சிவப்பு, நீலம், மயில், எல்லாத்தையும். என் படத்தையும் எடுத்துடு."

"அப்புறம் பக்கத்துல என்ன சார் இருக்கும்?"

"என்னவோ போடு. ஐயா உக்காந்திருக்கும்போதே போடு."

கணினிக்காரர் பக்கத்தைத் துடைத்துவிட்டார். திரை வெள்ளையாக இருந்தது. அடிக்கோடு அந்த வெள்ளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அவள் செய்ததெல்லாம் அடுத்தவர் எழுதியதற்குக் கீழே கோடு போட்டது. மேலே எழுத வேண்டும் என்று ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. வேலை போவது போகட்டும், ஒரு தடவையாவது மனுஷன் மனுஷனோடு பேசுகிற மாதிரி எழுதிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது.

நாற்காலியைத் திருப்பி வந்தவர் எதிரில் போட்டுக்கொண்டாள்.

"ஐயா, நீங்க எங்க பக்கத்துக்கு வந்தா முதல்ல எதைத் தேடுவீங்க?"

"குழாய் உடைஞ்சா யார்கிட்ட சொல்றதுனு தேடுவேம்மா."

அவள் அதையே தலைப்பாக அடித்தாள்: குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது? அதன் கீழே எண். அதன் கீழே, 'எந்தத் தெரு, எப்போதிலிருந்து என்று மட்டும் சொல்லுங்கள். நாங்கள் வந்து சரிசெய்வோம்' என்று அடித்தாள். துணைப் பொறியாளர் 'நாங்கள்' என்ற சொல்லைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு உதாரணம் போட்டா நல்லாப் புரியும்," என்றாள். "எப்படிச் சொல்வீங்க, சொல்லுங்க பாப்போம். சும்மா ஒரு பேச்சுக்கு."

வந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நூலகத்துக்குப் பின்னாடித் தெரு. பெரிய குழாய் உடைஞ்சிருக்கு. விடிஞ்சதுலேருந்து தண்ணி ஓடுது. வாசப்படி வரைக்கும் வந்துடுச்சு. சீக்கிரம் வாங்க."

"அருமைங்க. அப்படியே போட்டுக்கறேன்," என்று அவள் ஒரு சொல் விடாமல் அடித்தாள். இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் இந்த அலுவலகத்துக்குள் வந்ததே இல்லை.

"உதாரணம் கொஞ்சம் மிகைதான்," என்றார் துணைப் பொறியாளர். "அந்தப் பக்கத்துப் பெரிய குழாய் நான் நின்னு போட்டது. உடையாது. இருந்தாலும் உதாரணம்தானே, இருக்கட்டும்."

அம்மணி படித்தாள். தலைப்பு, எண், இரண்டு வரி, உதாரணம். வாயிலிட்ட தேநீரை விழுங்குவதற்குள் முடிந்துவிட்டது. படங்களும் 'இங்கே'க்களும் இல்லாத அந்த அமைதியில், கணக்கு அக்காகூட "அட, புரியுதே" என்றாள்.

"எனக்கும் புரிஞ்சுது," என்றார் வந்தவர். "இப்படி இருந்திருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம்."

அடிக்கோட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய பொறியாளர் பெருமிதத்தோடு முன்னால் வந்தார். தேறிவிட்டது என்ற சொல்லை அவர் வாயால் கேட்டு மேலிடத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

"முறைப்படி எல்லாத்தையும் கேட்டுட்டீங்க. இப்ப நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லலாம் ஐயா."

அவர் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கதவு திறந்தது. கையில் வெள்ளைக் கோலும் தோளில் கணினிப் பையுமாக ஒரு பெண் நின்றாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். முழங்கால்வரை நனைந்திருந்தாள்.

"ரொம்ப மன்னிக்கணும்," என்றாள். "உங்க பக்கத்தைச் சோதிக்க என்னைத்தான் அனுப்பியிருக்காங்க. நூலகத்துக்குப் பின்னாடித் தெருவுல ஆறு மாதிரி தண்ணி ஓடுது. பஸ் அங்கயே நின்னுடுச்சு. தாமதம்னு சொல்லலாம்னு உங்களுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன், பிஸியாவே இருந்துச்சு."

அத்தனை பேரும் மெல்லத் திரும்பி, ஆடாத நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்கள். துணைப் பொறியாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப… நீங்க?" என்றாள் அடிக்கோடு.

அவர் காலித் தேநீர்க் கோப்பையைத் தடவிப் பார்த்து மேசைமேல் பத்திரமாக வைத்தார்.

"நான் அந்தத் தெருக்காரன்தாம்மா, குழாய் உடைஞ்சதைச் சொல்ல வந்தேன். புகார் கொடுக்கணும்னா முதல்ல இதையெல்லாம் உக்காந்து கேக்கணும்கிறதுதான் இங்க முறைபோலனு இருந்துட்டேன். இப்பச் சொல்லலாமா, இல்ல இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"